ஐந்து தசம் இரண்டு

எண்களுக்கு அஞ்சாதவர் என்று எம்மை நாம் நெடுங்காலமாக நம்பியிருந்தோம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லூரியிற் கணிதம் கற்பித்து வருபவர் அவ்வாறு நம்புவதில் வியப்பொன்றும் இல்லை. வினாத்தாளைக் கண்டதும் மாணவர் முகத்திற் படரும் கலக்கத்தைப் போக்குவதே எமக்குத் தொழில். அத்தகைய எம்மை, 2025ஆம் ஆண்டு மாசி மாதத்து இரவொன்றிலே, இரண்டே இலக்கங்கள் கொண்ட ஓர் எண் விடியும்வரை உறங்கவொட்டாமற் செய்தது. அந்த எண் 5.2.

அது வந்த வழியைச் சொல்லுகின்றோம். எம்முடன் கற்பிக்கும் நண்பர் ஒருவருக்குத் தை மாதத் தொடக்கத்தில் மாரடைப்பு வந்து, தெய்வாதீனமாகப் பிழைத்தார். அதன்பின் ஆசிரியர் ஓய்வறையிற் பேச்செல்லாம் கொழுப்பும் சீனியுமே. நாற்பதைத் தாண்டியவர் அனைவரும் ஒருமுறை முழுவதாகப் பார்த்துவிட வேண்டும் என்று, அதுவரை தேநீருக்கு மூன்று கரண்டி சீனி போட்டுவந்த ஒருவரே எழுந்து தீர்மானம் நிறைவேற்றினார். நகரிலுள்ள தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் நாற்பது வயது கடந்த ஆண்களுக்கென்று ஒரு தொகுதிப் பரிசோதனை சலுகை விலையில் நடந்தது. ஒரு சனிக்கிழமை காலை வெறும் வயிற்றுடன், இணுவிலிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே துவிச்சக்கர வண்டியை மிதித்துச் சென்று, கையை நீட்டி இரத்தம் கொடுத்துவிட்டு, வழியிலே இரண்டு தோசையும் உண்டு வீடு திரும்பினோம். இரத்தம் எடுத்த பெண்பிள்ளை எம் பெயரையும் வயதையும் கேட்டாள். வயது 46 என்றோம். வேறொன்றும் அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டியவை பல இருந்தன என்பது அப்போது எமக்கும் தெரியாது.

மாலையில் அறிக்கை கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. சீனி அளவோடு இருந்தது. கொழுப்புச் சற்றே மிஞ்சியிருந்தது. அதற்கு இல்லத்தரசியின் கைப்பக்குவத்தின் மேற் பழி போட்டுவிடலாம் என்று எண்ணியபடி கீழே இறங்கினோம். கடைசி வரியிலே 'பி.எஸ்.ஏ.' என்று ஒரு பெயர்; எதிரே 5.2, பக்கத்தில் 'உயர்வு' என்பதைக் குறிக்கும் ஆங்கில எழுத்தொன்று தடித்த அச்சில், இருக்கத்தக்க அளவு பூச்சியம் முதல் 4 வரை என்று ஒரு குறிப்பு. அப்பெயர் எதனைக் குறிக்கின்றது என்று கைப்பேசியையே வினாவினோம். இரவு பதினொரு மணிக்குத் தனியே இருந்து நோயைப் பற்றித் தேடுகிறவருக்கு அந்தச் சிறு பெட்டி ஆறுதல் கூறி நாம் அறிந்ததில்லை. புரொஸ்டேற் சுரப்பிப் புற்றுநோய் என்று அது முதலிலேயே சொல்லிவிட்டது.

"இஞ்சாருங்கோ, பள்ளிக்கூடத்திலை ஏதும் பிரச்சினையோ?" என்று அறையிலிருந்து குரல் வந்தது. ஒன்றுமில்லை, விடைத்தாள் திருத்துகின்றோம் என்றோம். பொய்தான். உண்மையைச் சொல்ல எமக்கு நா எழாததற்குக் காரணம் அந்த எண்ணன்று, ஐயா.

எம் தந்தையார் இணுவிற் செம்மண்ணில் புகையிலை செய்தவர். அவர் நோயென்று படுத்ததை நாம் சிறு வயதிற் கண்டதில்லை. இரவில் எழுந்து வெளியே போவார். சற்றுப் பொறுத்து மறுபடியும் போவார். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் முறையைப் பார்க்கப் போகின்றார் என்றே பிள்ளைகளாகிய நாம் எண்ணியிருந்தோம். சலம் போகக் கடினமாயிருக்கின்றது என்று அவர் எவரிடமும் சொன்னதில்லை. சொல்லுகிற வழக்கமும் அக்காலத்தில் இல்லை. இக்காலத்திலும் பெரிதாக இல்லை.

1995ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், வலிகாமம் முழுவதும் ஓர் இரவிலே பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்த அந்த மழை நாளை இப்பகுதி மக்கள் எவரும் மறவார். ஐயா தலையில் ஒரு மூட்டையும் தோளில் ஒரு மூட்டையுமாக நடந்தார். சில நாளில் இடுப்பு வலிக்கின்றது என்றார். சுமந்த சுமைக்கு வலியாமல் என்ன செய்யும் என்று எல்லோரும் சொன்னோம். அடுத்த ஆண்டு சித்திரையில் ஊர் திரும்பிய பின்னரும் வலி தீரவில்லை. எண்ணெய் பூசினோம், ஒற்றணம் கொடுத்தோம், எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் பரியாரியாரிடமும் அழைத்துச் சென்றோம். இவ்வாறு ஓராண்டுக்கு மேல் கழிந்தது. 1997இல் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தபோது நோய் முள்ளந்தண்டிற் குடியேறியிருந்தது. அது புறப்பட்ட இடம் அடிவயிற்றிலிருந்த அச்சிறு சுரப்பி என்று பின்னரே சொன்னார்கள். மகரகமைக்குப் போகவேண்டும் என்றார்கள். அந்நாளில் குடாநாட்டை விட்டு வெளியேறப் பாதுகாப்பு அனுமதி பெறவேண்டும். பெற்ற பின் திருகோணமலைக்குக் கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புகளைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கம் போதாது. 1998இல், தம் 63ஆவது வயதில், ஐயா காலமானார்.

ஆகையினாலே, 5.2 என்பதைக் கண்டதும் எம் மனம் செய்த முதற் கணக்கு 63இலிருந்து 46ஐக் கழிப்பதாகவே இருந்தது.

இரண்டு நாள் ஒளித்தோம். மூன்றாம் நாள் காலை, விறாந்தையில் இருந்த ஆச்சி, எம் தாயார், எண்பது வயதைக் கடந்தவர், வெற்றிலையை மடித்தபடியே, "கொப்பரும் உப்பிடித்தான் இராவிலை எழும்பித் திரிஞ்சவர், தம்பி" என்றார். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுக்களையில் நின்ற எம் மனைவியார் கையிலிருந்த அகப்பையோடு வெளியே வந்துவிட்டார். கைப்பேசி பறிமுதலாயிற்று. அறிக்கையைப் படித்தார். "இதை ஒளிச்சு வைச்சுக்கொண்டு என்ன செய்யப் போறியள்? நீங்கள் படிப்பிச்ச பிள்ளை டொக்டராய் இருக்குது, பின்னேரம் போவம்" என்றார். அவர் அழவில்லை. எமக்கு அது பெரிய உதவியாயிருந்தது.

அந்தப் பிள்ளை எம்மிடம் உயர்தர வகுப்பில் கணிதமே பயின்றிருக்க வேண்டியவர். தந்தையாரின் விருப்பத்தால் உயிரியலுக்கு மாறிப்போனவர். அதற்கு முன் சாதாரண தர வகுப்பில் நிகழ்தகவை எம்மிடம் படித்தவர். இப்போது மாலை வேளைகளில் நோயாளரைப் பார்க்கின்றார். நாம் உள்ளே சென்றதும் எழுந்து நின்றார். ஆசிரியராய் இருப்பதில் உள்ள இன்பங்களில் அது ஒன்று. ஆனால் அன்றைக்கு அதுவே இடையூறாகவும் முடிந்தது.

அறிக்கையை அவர் ஒரு நொடிதான் பார்த்தார். பிறகு வினாக்களைத் தொடங்கினார். கடந்த மாதத்தில் காய்ச்சல் வந்ததா? வந்தது, தைப்பூசத்துக்கு முந்திய கிழமை, கந்தசுவாமி கோயில் மஞ்சம் பார்க்கவும் போக முடியாதோ என்று அஞ்சினோம். சலம் போகும்போது எரிவு இருந்ததா? இருந்தது; மருந்துக் கடையில் வில்லை வாங்கி விழுங்கினோம்; காய்ச்சல் விட்டதும் வில்லையையும் விட்டோம். இரத்தம் கொடுக்கப் போனது எதில்? துவிச்சக்கர வண்டியில். அடுத்த வினாவை அவர் எம்மைப் பார்த்துக் கேட்கவில்லை. மேசையிலிருந்த நாட்காட்டியைப் பார்த்துக் கேட்டார். இரத்தம் கொடுத்ததற்கு முந்திய இரண்டு நாட்களில் தாம்பத்திய உறவு உண்டா என்பதே அது. நாமும் நாட்காட்டிக்கே விடை கூறினோம்.

பின்பு அவர் ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்தார். சலப்பையின் கழுத்தருகே, கொட்டைப்பாக்கினும் சற்றுப் பெரிதாய், சலக்குழாயைச் சூழ்ந்து ஒரு சுரப்பி. முன்னிற்குஞ் சுரப்பி என்று தமிழில் வழங்குவர். முன்னே நிற்பது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே புரொஸ்டேற் ஆயிற்று. ஆண்களுக்கு மட்டும் உரியது. விந்து கட்டிபடாது நீர்த்தன்மை பெறும்படி செய்யும் ஒரு புரதத்தை அது சுரக்கின்றது. அப்புரதமே பி.எஸ்.ஏ. அது நோயின் நஞ்சன்று. ஒவ்வோர் ஆணின் உடலிலும் நாள்தோறும் தன் வேலையைச் செய்துவரும் பொருள். அதில் மிகச் சிறு பங்கு இரத்தத்திற் கசிகின்றது. ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் எத்தனை நனோகிராம் என்று அளக்கின்றார்கள். நனோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. எம்மை உறங்கவிடாது செய்தது இத்தகைய ஐந்து துணுக்குகள்.

சுரப்பிக்கு எந்த வகையில் இடர் நேர்ந்தாலும் கசிவு கூடும். புற்றுநோய் ஒரு காரணம். கிருமித்தொற்று இன்னொன்று, அதனால் எண் பல மடங்காக ஏறி, தொற்றுத் தீர்ந்த பின்னரும் இறங்க ஆறு எட்டுக் கிழமைகள் எடுப்பதுண்டு. வயதோடு சுரப்பி பருப்பது மற்றொன்று, அது புற்றுநோயன்று. சலக்குழாயிற் குழாய் செலுத்தினாலும் ஏறும். உறவுக்குப் பின் ஓரிரு நாள் சிறிது ஏறியிருக்கலாம். துவிச்சக்கர வண்டியைப் பற்றி ஆராய்ச்சியாளர் ஒருமித்துப் பேசவில்லை. சிலர் ஏறும் என்பர், சிலர் இல்லை என்பர். ஐயத்துக்கு இடமின்றி இரண்டு நாள் மிதியாமல் விட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. வேறொரு திசையில் ஏமாற்றும் மருந்தும் உண்டு. சுரப்பி வீக்கத்துக்கும் தலைமயிர் உதிர்வுக்கும் கொடுக்கப்படும் பினாஸ்ரறைட் என்பது சில மாதங்களில் இந்த எண்ணைப் பாதியாக்கிவிடும். வழுக்கைக்கு அஞ்சி அம்மருந்தை உண்ணும் இளைஞர் அதை வைத்தியரிடம் மறைத்தால், இரண்டு என்று வருவது உண்மையில் நான்காக இருக்கலாம்.

"நீங்கள் படிப்பிச்ச கணக்குத்தான், சேர்" என்று சொல்லி, அவர் தாளின் மறுபக்கத்தைத் திருப்பினார். ஜேர்மனியில் 2014ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்விலே, சரியாக 45 வயதான ஆண்கள் இருபத்து மூவாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு இப்பரிசோதனை செய்தார்கள். ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 15 பேருக்கு எண் 3 அல்லது அதற்கு மேல் இருந்தது. அந்தப் பதினைந்து பேரையும் உடனே கத்திக்கு அனுப்பவில்லை. மீண்டும் இரத்தம் எடுத்தார்கள். இரண்டாம் முறையும் உயர்ந்திருந்தது 8 பேருக்கே. மேலும் சோதித்து முடிவில் புற்றுநோய் என்று கண்டது ஆயிரத்துக்கு இரண்டு பேரிடம். முதல் எண்ணைக் கண்டு அன்றிரவு உறக்கமிழந்தவர் பதினைவர் என்றால், அவருள் ஏழு பேர் இரண்டாம் பரிசோதனையோடு உறங்கப் போகலாம்.

நிபந்தனை நிகழ்தகவு என்ற தலைப்பில் கரும்பலகை நிறைய நாம் எழுதி அழித்ததெல்லாம் இதுவன்றி வேறில்லை. நோயிருந்தால் எண் உயரும் என்பது ஒன்று. எண் உயர்ந்தால் நோயிருக்கும் என்பது முற்றிலும் வேறு. இவ்விரண்டையும் மயக்கும் மாணவருக்கு இத்தனை காலமாகப் புள்ளி குறைத்து வந்திருக்கின்றோம்.

நாம் நாற்காலியிற் சாய்ந்து அமர்ந்தோம். அப்போதுதான் எம் மனைவியார், "மாமாவுக்கு இந்த வருத்தம்தான் இருந்தது, டொக்டர்" என்றார். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. எத்தனை வயதில் என்று கேட்டார். கண்டுபிடித்தது 62இல், காலமானது 63இல் என்றோம். தந்தைக்கோ உடன்பிறந்தானுக்கோ இந்நோய் இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். அவர்களுக்கு இளவயதில் வந்திருந்தால் இன்னும் கூடும். ஜேர்மனியில் எண்ணப்பட்ட அந்த ஆயிரம் பேரில் எல்லோருக்கும் அப்படித் தந்தை இருந்திருக்க மாட்டார். இரு மடங்கு என்பது சிறிய எண்ணின் இரு மடங்கு என்பதையும் அவரே சொன்னார். ஆனால் முன்பிருந்த புன்னகை இல்லை. ஆச்சி சொன்ன இரவு நடமாட்டத்தைப் பற்றிக் கேட்டோம். இரவில் பலமுறை எழுவது பெரும்பாலும் சாதாரண வீக்கத்தால் வருவது என்றும், புற்றுநோய் தொடக்கத்தில் ஓர் அறிகுறியும் காட்டாமலே இருக்கும் என்றும் சொன்னார்.

செய்ய வேண்டியவற்றை எழுதித் தந்தார். முதலிற் சலப் பரிசோதனை. தொற்று இருந்தால் முழுமையான மருந்து, காய்ச்சல் விட்டாலும் நிறுத்தாமல். எட்டுக் கிழமை கழித்து அதே ஆய்வுகூடத்தில் மறுபடியும் இரத்தம்; கூடத்துக்குக் கூடம் கருவிகள் வேறுபட்டுச் சிறு வித்தியாசம் காட்டும் என்பதால் இடத்தை மாற்றக்கூடாது. வெறும் வயிறு இதற்குத் தேவையே இல்லை. பின், விரலால் அச்சுரப்பியைத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை ஒன்று உண்டு. அதைப் பற்றிச் சொல்லும்போது அவர் மீண்டும் நாட்காட்டியைப் பார்த்தார். "அதை நான் செய்யேல்லை, சேர். போதனா வைத்தியசாலைக் கிளினிக்கிலை நிபுணரிட்டை அனுப்புறன்" என்றார். இருவருக்கும் பெரும் நிம்மதியாயிற்று.

காத்திருந்த அந்த எட்டுக் கிழமைகளில், பழக்கதோஷத்தால், இந்தப் பரிசோதனையின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். அமெரிக்காவில் பவலோ நகரத்திலுள்ள ரொஸ்வெல் பார்க் புற்றுநோய் நிலையத்தில், தைவானிற் பிறந்த மிங் சூ என்பவரின் குழுவினர் 1979இல் இப்புரதத்தைச் சுரப்பியிலிருந்து தூய்மையாகப் பிரித்தெடுத்தார்கள். 1986இல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி வழங்கியபோது, முன்னரே நோய் கண்டவரின் நிலையைத் தொடர்ந்து பார்ப்பதற்கென்றே வழங்கிற்று. நோயைத் தேடிக் கண்டுபிடிக்கவும் பயன்படுத்தலாம் என்ற அனுமதி 1994இல்தான் வந்தது. நான்கு என்ற எல்லையைப் பார்க்கும்போது அது இயற்கை போட்ட கோடு போலத் தோன்றும். ஆனால் 2004இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், எண் 4க்கு மேற்படாத முதிய ஆண்கள் ஏறத்தாழ மூவாயிரம் பேரின் சுரப்பியிலிருந்து திசு எடுத்துப் பார்த்தபோது, நூற்றுக்குப் பதினைந்து பேரிடம் புற்றுநோய்க் கலங்கள் இருந்தன. மாறாக, எண் 4க்கும் 10க்கும் இடையில் இருப்பவரிற் சோதித்தால், நால்வரில் மூவரிடம் அது காணப்படுவதில்லை. அவ்வாறாயின் 4 என்ற கோட்டின் இருபுறமும் இருவகையினரும் இருக்கின்றனர். அதுவன்றி, நாற்பதுகளில் இருப்பவருக்கு 2.5க்கு மேற்பட்டாலே கவனிக்க வேண்டும் என்று 1993இலேயே வயதுவாரியாக அளவு வகுத்திருக்கின்றார்கள். எம் அறிக்கையில் இருபது வயதினனுக்கும் எண்பது வயதினனுக்கும் ஒரே எல்லையே அச்சிடப்பட்டிருந்தது.

இந்தப் பரிசோதனையால் நன்மையா தீமையா என்ற வழக்கும் நெடுநாளாக நடக்கின்றது. சுரப்பியின் இத்தகைய புரதங்களை 1970இலேயே ஆராய்ந்த ரிச்சர்ட் ஏப்ளின் என்பவரே, 2010இல் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில், இதை எல்லோருக்கும் செய்வது பெருஞ் செலவில் நேர்ந்த கேடு என்ற கருத்துப்பட எழுதினார். காரணம் இல்லாமலில்லை. இந்நோய் பலரிடம் மிக மெதுவாக வளர்ந்து, ஆயுள் முழுவதும் தீங்கு செய்யாமலே இருந்துவிடும். அதைக் கண்டுபிடித்து வெட்டி எறிந்தால் சலத்தை அடக்க முடியாமையும் ஆண்மைக் குறைவும் நேர்வதுண்டு. பிரித்தானியாவில் 1643 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சத்திரசிகிச்சையும், ஒரு பிரிவுக்குக் கதிர்ச்சிகிச்சையும், மற்றதற்கு வெறும் கண்காணிப்பும் கொடுத்து 15 ஆண்டு பார்த்தார்கள். 2023இல் வந்த முடிவின்படி எப்பிரிவிலும் நூற்றுக்கு 97 பேர் அந்நோயால் இறக்கவில்லை. மறுபுறம், ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்து நடத்திய பேராய்வு 23 ஆண்டுக் கணக்கை 2025இல் வெளியிட்டது. 456 பேரைப் பரிசோதனைக்கு அழைத்தால் ஒரு மரணம் தடுக்கப்படுகின்றது என்பது அதன் முடிவு. 456க்கு ஒன்று என்பதைச் சிறிதென்று சொல்லலாம். அந்த ஒருவர் ஐயாவாக இருந்தால் எப்படிச் சொல்வது? எம் நிலையிலிருந்து இதை நடுவுநிலையோடு தீர்க்க எம்மால் இயலாது, ஒப்புக்கொள்ளுகின்றோம்.

இவ்விடத்தில் ஊரைப் பற்றி ஒரு சொல். இணுவிலிலே 1898ஆம் ஆண்டு அமெரிக்க மிஷன் நிறுவிய மக்லியோட் வைத்தியசாலை பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்றே எழுந்தது. பெண் வைத்தியர்கள் கடல் கடந்து வந்து இங்கே பணியாற்றினார்கள். அதற்கும் முன்பே, அயலூராகிய மானிப்பாயில் வைத்தியர் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்க முயன்று, 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெரிய உடற்கூற்று நூலைத் தமிழில் வெளியிட்டார். உடலின் உறுப்புகளைத் தமிழிற் பெயர் சொல்லிப் பேசக் கற்றுக் கொடுத்த மண் இது. எம் பாட்டிமார் பிரசவத்துக்கு வைத்தியசாலைக்குப் போகும் துணிவைப் பெற்று நூறாண்டுக்கு மேலாகின்றது. அவர்களின் ஆண்மக்களும் பேரரும் சலம் போகவில்லை என்பதை ஒரு வைத்தியரிடம் சொல்ல இன்னமும் நாட்காட்டியைப் பார்க்கின்றோம். ஐயாவின் காலத்துக்கும் எம் காலத்துக்கும் வேறொரு வேறுபாடும் உண்டு. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் நடந்து திரட்டிய நிதியால், எம் வீட்டிலிருந்து ஒரே வீதியில் அடையக்கூடிய தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்து, 2013இல் திறக்கப்பட்டது. கப்பலும் அனுமதியும் இனி வேண்டியதில்லை. நாம் தொடக்கத்திற் போனாற்தான் அந்த வசதி பயன்படும்.

சலப் பரிசோதனையில் தொற்று இருந்தது தெரியவந்தது. மருந்தை முழுவதும் உண்டோம். ஒவ்வொரு வில்லையையும் மனைவியாரே எண்ணித் தந்தார். போதனா வைத்தியசாலை நிபுணர் சோதித்துப் பார்த்துச் சுரப்பி மெத்தென்று இயல்பாக இருக்கின்றது, கட்டி ஒன்றும் தட்டுப்படவில்லை என்றார். அந்தப் பரிசோதனை ஒரு நிமிடங்கூட எடுக்கவில்லை. அதற்காக நாம் பட்ட வெட்கம் இரண்டு மாதம்.

சித்திரை வருடப்பிறப்புக் கழிந்தபின் மறுபடியும் இரத்தம் கொடுத்தோம். இம்முறை பேருந்திற் போனோம். மாலையில் வந்த எண் 1.9.

வீட்டில் அன்று பாயசம் பொங்கியது. ஆச்சி பரராஜசேகரப் பிள்ளையாருக்குத் தேங்காய் அடிக்கச் சொன்னார். நாம் மறுநாள் எம் மாணவரிடம் வெற்றி வீரரைப் போலப் போய் நின்றோம். அவர் மகிழ்ந்தார்; ஆனால் நாம் எதிர்பார்த்த அளவுக்கு மகிழவில்லை. சுவீடனில் மால்மோ நகரத்தில் 1970களிலும் 1980களிலும் இருபத்தோராயிரம் ஆண்களின் இரத்தத்தை எடுத்துக் குளிரிற் சேமித்து வைத்திருந்தார்கள். பல்லாண்டு கழித்து அதில் பி.எஸ்.ஏ. அளந்து, அம்மனிதருக்குப் பின் என்ன நேர்ந்தது என்று ஒப்பிட்டு 2013இல் வெளியிட்டார்கள். 45 முதல் 49 வயது வரை உள்ளவருக்கு இயல்பான நடுவளவு ஒன்றுக்கும் குறைவு. 1.6 அல்லது மேற்பட்டவர் பத்தில் ஒரு பங்கினர். பிற்காலத்தில் இந்நோயால் இறந்தவருள் நூற்றுக்கு 44 பேர் அந்தப் பத்தில் ஒரு பங்கிலிருந்தே வந்தனர். அப்பங்கினரிலும் பெரும்பாலோருக்கு இந்நோயால் மரணம் நேரவில்லை என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். ஆனால் எம் 1.9, ஐயாவின் நினைவோடு சேரும்போது, மறந்துவிடக்கூடிய எண்ணன்று. ஆண்டுக்கொருமுறை பார்க்க வேண்டும். ஒரே எண்ணைப் பார்த்து நடுங்காமல், ஆண்டாண்டாக அது செல்லும் போக்கைப் பார்க்க வேண்டும். ஏறிக்கொண்டே போனால் உடனே ஊசியாற் குத்தித் திசு எடுக்காமல் முதலிற் காந்தப் படம் எடுப்பது இப்போதைய முறை; 2017இலும் 2018இலும் வந்த ஆய்வுகளால் தேவையற்ற குத்தல்கள் குறைந்திருக்கின்றன.

வரைபின் சாய்வு என்று நாம் பதினோராம் ஆண்டுக்குக் கற்பிப்பது. ஒரு புள்ளியிலிருந்து சாய்வைக் காண முடியாது, இரண்டாவது வேண்டும். 5.2 தொற்றினால் வந்த புள்ளி. அதை வரைபிற் சேர்க்கக்கூடாது. ஆகவே எம்மிடம் இப்போது ஒரு புள்ளிதான் இருக்கின்றது.

ஒரு வேலை மீதியிருந்தது. எம் தம்பி லண்டனில் இருக்கின்றான், வயது 41. ஐயா இறந்தபோது அவன் பதினான்கு வயதுச் சிறுவன். நோய் என்ன என்று அவனுக்கு எவரும் விளக்கவில்லை. இடுப்பு வலியால் இறந்தார் என்றே அவன் நினைத்திருந்தான். ஞாயிறு மாலை தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னோம். "எனக்கொண்டும் இல்லை அண்ணை, நான் நல்லாய்த்தான் இருக்கிறன்" என்றான். ஐயாவும் அப்படித்தான் சொன்னார் என்றோம். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, ஒலிம்பிக்கில் ஆறு தங்கம் வென்ற துவிச்சக்கர வண்டி வீரர் கிறிஸ் ஹோயைப் பற்றி அங்கே எல்லோரும் பேசுவதைச் சொன்னான். 2023இல், 47 வயதில், அவருக்கு நோய் எலும்புக்குப் பரவிய பின்னரே தெரியவந்தது. அவருடைய தந்தைக்கும் பாட்டனுக்கும் அதுவே இருந்தது. வண்டி மிதித்ததால் வந்த நோயன்று என்பதை உடனே சொன்னோம். அவனும் நாள்தோறும் மிதிக்கின்றவன். அந்நாட்டில் 50 வயது கடந்தவர் கேட்டால் பரிசோதனை செய்வர். குடும்பத்தில் நோயுள்ளவர் 45இல் தொடங்குவது நன்று என்று ஐரோப்பிய வைத்தியர் சங்கத்தின் வழிகாட்டி சொல்லுகின்றது. அவனுடைய வைத்தியரிடம் ஐயாவின் கதையை இப்போதே பதிந்து வைக்கும்படி சொன்னோம்.

"ஐயாவுக்கு இது எத்தினை வயசிலை தொடங்கினது எண்டு கேப்பினம். என்ன சொல்ல?" என்றான்.

எமக்குத் தெரியவில்லை. கண்டுபிடித்த வயது தெரியும். தொடங்கிய வயது எவருக்கும் தெரியாது. தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டே விறாந்தைக்குப் போய் ஆச்சியிடம் கேட்டோம். அவர் வெற்றிலைத் தட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு நெடுநேரம் யோசித்தார்.

"இவன் சின்னவனைப் பள்ளிக்கூடத்திலை சேர்த்த வருசம். கரண்ட் நிண்ட வருசம். ஜாம் போத்தில் விளக்கைக் கொளுத்திக் கொளுத்திக் குடுத்து எனக்கு இராவிலை நித்திரையே இல்லை."

1990. ஐயாவுக்கு அப்போது 55. அது நோயாகவும் இருக்கலாம், வெறும் வீக்கமாகவும் இருந்திருக்கலாம் என்று தம்பியிடம் விளக்கிவிட்டு, அந்த எண்ணையும் எழுதிக்கொள்ளச் சொன்னோம். அறிக்கையின் பின்புறத்தில், 1.9க்கு நேரே, நாமும் எழுதி வைத்தோம். அடுத்த சித்திரைக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன.